நார்வேஜியக் கணினிச் சொற்கள்: அசை எங்கே பிரிகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது?

ஈசூன்வாசி கேட்கிறார்:

வணக்கம். சிங்கப்பூரில், கப்பல்களுக்கான மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் செயலியின் உதவிப் பக்கங்களை நார்வே மாலுமிகளுக்கு அவர்கள் மொழியிலேயே படித்துக்காட்டும் பேச்சுப்பொறி ஒன்றை அண்மையில் சேர்த்திருக்கிறோம். அந்தப் பொறியின் அகராதியில் இல்லாத சொற்களுக்கு அசைப் பிரிப்பையும் அழுத்தக் குறியையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். மாலை வகுப்பில் ஓராண்டு நார்வேஜிய மொழி படித்தவள் என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கணினிக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘டாட்டாமஷீன்’. தரவு, இயந்திரம் என்னும் இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதப்படுகின்றன. நான் முதலில் குறிப்பேட்டில் அதைத் தமிழில் எழுதி, பள்ளியில் வெண்பாவுக்கு அலகிட்ட பழக்கத்தில் ‘டாட்-டா-மஷீன்’ என்று நேர் நேர் நிரையாகப் பிரித்துவிட்டேன். இரண்டு சொற்கள் இருக்கின்றனவே என்று இரண்டின் முதலிலும் முழு அழுத்தக் குறி இட்டேன். இதே முறையில் நாற்பது சொற்களை முடித்து அனுப்பினேன்.

ஒஸ்லோவில் சோதித்துப் பார்த்தவர் மறுநாளே மடல் எழுதினார். ஒவ்வொரு சொல்லும் தமக்கு இரண்டு சொல்லாகக் கேட்கிறது என்றும், முதல் சொல்லில் ‘டாட்டா’ என்பது ‘டத்’ என்று ஒலிக்கிறது, அது ‘விழுந்தது’ என்று பொருள்படும் வினை என்றும் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, கடவுச்சொல்லைக் குறிக்கும் ‘பஸ்ஊர்’ என்னும் சொல் கைப்பேசித் திரையில் இடம் போதாமல் தவறான இடத்தில் உடைந்து, பாதி மேல் வரியிலும் பாதி கீழ் வரியிலும் நிற்கும் படத்தையும் இணைத்திருந்தார்.

இந்தக் கூட்டுச் சொற்களை அசை பிரிப்பதற்கு விதி ஏதும் உண்டா? அழுத்தம் ஒரு முறைதான் வருமா, இரு முறை வருமா? பேச்சில் பிரியும் இடமும் எழுத்தில் வரி உடையும் இடமும் ஒன்றுதானா?

வடகடல்:

ஆறாண்டுகள் ஒஸ்லோவில் படித்தும் வேலை பார்த்தும் திரும்பியவன் என்ற முறையில் அழுத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வரி உடைப்பைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சகோதரி, அசைகளை எண்ணுவதற்கு முன் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எந்த இரண்டு சொற்கள் சேர்ந்தன என்பது தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் தாமே வந்துவிடும். முதற்சொல் தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் பெறுமோ, கூட்டுச் சொல்லின் தலைமை அழுத்தமும் அந்த அசையிலேயே விழும். இரண்டாம் சொல்லின் அழுத்தம் அழிந்துவிடாது, ஒரு படி தாழ்ந்து துணை அழுத்தமாக நிற்கும். அகராதிகளின் வழக்கப்படி தலைமை அழுத்தத்துக்கு மேல் கோடும் துணை அழுத்தத்துக்குக் கீழ்க் கோடும் இட்டால், உங்கள் சொல் ˈடா-ட்டா-ம-ˌஷீன் என்று வரும். ‘மஷீன்’ தனிச்சொல்லாக இருக்கும்போதே இறுதியில் அழுத்தம் பெறுவது. ஆகவே கூட்டுச் சொல்லிலும் துணை அழுத்தம் ‘ம’ மேல் விழாமல் ‘ஷீன்’ மேல் விழுகிறது. நீங்கள் இரண்டாம் சொல்லின் முதல் அசையில் குறியிட்டதில் இரண்டு பிழைகள் சேர்ந்துவிட்டன: இடமும் தவறு, அளவும் மிகை.

‘முதல் அசையில் அழுத்து’ என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே எடுத்துக்கொண்டால் அடுத்த சொல்லிலேயே தடுக்கி விழுவோம். மென்பொருளுக்கு ‘ப்ருக்ரம்வாரெ’, வன்பொருளுக்கு ‘மஷீன்வாரெ’ என்பார்கள். ‘வாரெ’ என்றால் சரக்கு, பொருள். நம் மென்பொருள், வன்பொருள் இரண்டிலும் ‘பொருள்’ நிற்கும் இடத்திலேயே அதுவும் நிற்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். ‘ப்ருக்ரம்’, ‘மஷீன்’ இரண்டும் இறுதி அசையில் அழுத்தம் பெறும் இரவல் சொற்கள் என்பதால், கூட்டுச் சொல்லில் தலைமை அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது: ப்ரு-ˈக்ரம்-ˌவா-ரெ, ம-ˈஷீன்-ˌவா-ரெ. ஒரே ‘மஷீன்’ முன்னால் நின்றால் தலைமை அழுத்தத்தையும், பின்னால் நின்றால் துணை அழுத்தத்தையும் பெறுவதைக் கவனியுங்கள். இணையத் தளங்கள் நம் உலாவியில் விட்டுச்செல்லும் நினைவிக்கு அவர்கள் ‘தகவல் மாத்திரை’ என்ற பொருளில் வைத்த பெயரில் தலைமை அழுத்தம் நான்காம் அசையில்தான் வருகிறது: இன்-ஃபொர்-ம-ˈஷூன்ஸ்-ˌகப்-செல்.

துணை அழுத்தத்தை வீண் அலங்காரமாக எண்ணிவிடாதீர்கள். நார்வேஜிய மொழியில் அழுத்தமுள்ள அசை ஒன்றில் உயிர் நெடிலாக இருக்கும், அல்லது உயிர் குறிலாகி அதைத் தொடரும் மெய் நீளும். கூரையைக் குறிக்கும் ‘தாக்’ நெடில், நன்றியைக் குறிக்கும் ‘தக்க்’ குறில். துணை அழுத்தம் பெற்ற அசைக்கும் இந்த உரிமை உண்டு என்பதால்தான் ‘வாரெ’ தன் நெடிலை இழப்பதில்லை. துணை அழுத்தத்தை அறவே நீக்கினால் ‘வரெ’ என்று ஒலித்து வேறு வகையில் கெட்டுவிடும்.

உங்கள் ‘டத்’ சிக்கலும் இதில்தான் இருக்கிறது. வல்லோசையைக் காட்டுவதற்காகவே தமிழில் ‘டாட்டா’ என்று இரட்டித்து எழுதுகிறோம். அதை அலகிட்டு ‘டாட்’ என்று மூடியவுடன் பொறி அந்த அசையை மெய்யில் முடிந்த அசையாக எடுத்துக்கொண்டு உயிரைக் குறுக்கிவிட்டது. நார்வேஜிய மொழியில் அங்கே ஒற்றை மெய்தான், அதுவும் அடுத்த அசைக்கு உரியது. மேலும் அவர்களுடைய ஒலி நம் டகரத்தைவிடத் தகரத்துக்கு நெருக்கமானது. ஆனால் ‘தாத்தாமஷீன்’ என்று எழுதினால் நம்மவர்கள் பாட்டனாரைத்தான் நினைப்பார்கள் என்பதால் உங்கள் எழுத்தே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு வழி திறந்த சிமுலா மொழியை 1960களில் ஓலெ-யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் இருவரும் உருவாக்கிய ஒஸ்லோ நிறுவனத்தின் பெயரிலேயே இத்தகைய கூட்டுச் சொல் ஒன்று உண்டு. ‘ரைனெ’ என்றால் கணக்கிடுதல், ‘சென்த்ரால்’ என்றால் மையம். ˈரை-னெ-சென்-ˌத்ரால். அவ்விருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. இந்தச் சொல்லைத் தவறாக அழுத்திச் சொன்னதற்காக என் ஆசிரியர் ஒருவர் என்னை நான்கு முறை திரும்பச் சொல்ல வைத்தார். இறுதியில் நெடில் இருப்பதால் தமிழ் நாக்கு இயல்பாக அங்கே போய் நிற்கப் பார்க்கும்.

பழைய அச்சுக்கோப்பாளர்:

சிராங்கூன் வட்டாரத்தில் ஒரு தமிழ் அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்தில் தொடங்கிக் கணினிக் காலம் வரை பணியாற்றியவன் நான். கப்பல் நிறுவனங்களுக்காக நார்வேஜிய மொழிக் கையேடுகளையும் சில முறை கோத்திருக்கிறோம். மொழி தெரியாமல் எழுத்து கோத்து, திருத்தப்பட்ட மெய்ப்பு சிவப்பாகத் திரும்பி வரும்போது கற்றுக்கொண்டவைதான் இவை.

தமிழில் வரி உடைப்பது நமக்குப் பெரிய காரியம் இல்லை. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலைப்பில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், இணைப்புக் கோடுகூட இடுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு நார்வேஜிய மொழிக்குப் போகக் கூடாது. அங்கே தனிச்சொல்லுக்கு, வரும் மெய்களில் ஒன்றை மட்டும் கீழ் வரிக்குக் கொண்டுபோகும் எளிய விதி ஒன்று உண்டு. ஆனால் கூட்டுச் சொல்லில் ஒட்டுதான் முதலில் உடைய வேண்டும், ஒரு மெய் விதி அதற்குப் பிறகுதான்.

அம்மா, உங்கள் கடவுச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘பஸ்’, ‘ஊர்’ என்பவை பகுதிகள். ‘ஊர்’ என்றால் அவர்கள் மொழியில் சொல், கடைசியில் எழுதப்படும் டகரம் ஒலிப்பதில்லை. ‘பஸ்’ ரோமன் எழுத்தில் இரண்டு ஸகரங்களோடு முடிகிறது. ஒரு மெய் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு செலுத்தினால் ஒரு ஸகரம் மேலேயும் ஒரு ஸகரம் கீழேயும் போய் ‘பஸ்-ஸூர்’ என்று உடையும். உங்கள் திரையில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இரண்டு ஸகரங்களும் மேல் வரியிலேயே நின்று ‘ஊர்’ மட்டும் கீழே இறங்க வேண்டும்.

நமக்கு இது ஏன் கண்ணில் படுவதில்லை என்று யோசித்திருக்கிறேன். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்று நன்னூல் சொல்கிறது. கல்லும் எழுத்தும் சேர்ந்தால் கல்லெழுத்து. பஸ்ஸும் ஊரும் சேர்ந்தால் தமிழ்க் காதுக்குப் பஸ்ஸூர்தான். புணர்ச்சியில் ஒட்டை மறைப்பது நமக்கு அழகு, அவர்களுக்கோ ஒட்டு தெரிய வேண்டும். கடவுச்சொல் என்பதற்கு மலாயில் ‘காத்தா லாலுவான்’ என்கிறோம், அங்கே சொல் முன்னால், கடவு பின்னால், நடுவில் இடைவெளியும் உண்டு. நார்வேஜிய மொழியோ தமிழைப் போலவே கடவை முன்னால் வைத்துச் சொல்லைப் பின்னால் ஒட்டுகிறது. உறவு நெருக்கம் என்பதாலேயே நாம் ஏமாறுகிறோம்.

அச்சுக்கோப்பவரைத் திகைக்க வைக்கும் விதி ஒன்று பாக்கி இருக்கிறது. கூட்டுச் சொல்லில் ஒரே மெய் மூன்று முறை அடுத்தடுத்து வர நேர்ந்தால் இரண்டு மட்டும் எழுதுவார்கள். வலைப் போக்குவரத்தைக் குறிக்கும் சொல்லில் ‘நெட்’ இரட்டை டகர மெய்யோடு முடிகிறது, ‘த்ரஃபிக்’ அதே எழுத்தில் தொடங்குகிறது. எழுதும்போது மூன்று இரண்டாகும். ஆனால் அந்தச் சொல் ஒட்டில் உடைந்து இரண்டு வரிக்குப் போனால் விழுங்கப்பட்ட மூன்றாம் எழுத்து மீண்டும் வந்துவிடும், மேலே இரண்டு, கீழே ஒன்று. முதல் முறை கையேடு கோத்தபோது, மெய்ப்புத் திருத்துபவர் வரி முனையில் ஒரு எழுத்தைக் கூடுதலாக எழுதியிருந்ததைக் கண்டு அவர்தான் தவறு செய்துவிட்டார் என்று முடிவுசெய்து, அந்த எழுத்தை நானே எடுத்துவிட்டேன். மெய்ப்பு மறுபடியும் திரும்பி வந்தது, இந்த முறை வியப்புக்குறியோடு.

ஒட்டு எழுத்தாக வரும் ஸகரத்துக்கும் எகரத்துக்கும் இடம் மேல் வரிதான். காப்பு நகலைக் குறிக்கும் ‘சிக்கெர்ஹேட்ஸ்குபீ’ என்னும் சொல் ‘சிக்கெர்ஹேட்ஸ்’ என்ற அளவில் உடையும், ஸகரம் ‘குபீ’யோடு போகாது. மூன்று பகுதிகள் உள்ள சொல்லில் பெரிய ஒட்டைத் தேடுங்கள். மென்பொருள் உருவாக்குநர் என்பதில் மென்பொருள் ஒரு பக்கம், உருவாக்குநர் ஒரு பக்கம். ‘ப்ருக்ரம்வாரெ’ முழுவதும் மேலே நிற்பதுதான் கண்ணுக்கு நல்லது.

இத்தனையையும் கையால் செய்யத் தேவையில்லை. 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் தம் முனைவர் ஆய்வில் வகுத்த எழுத்துக்கோல முறையில்தான் டெக் முதலான அச்சு மென்பொருள்கள் சொற்களை உடைக்கின்றன, நார்வேஜிய மொழிக்கும் அத்தகைய கோலங்கள் உள்ளன. பக்கத்தின் மொழி நார்வேஜியம் என்று நிரலில் அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆங்கிலம் என்று விட்டிருந்தால் ஆங்கிலக் கோலம்தான் அந்தச் சொல்லை வெட்டும், அதற்கு இரண்டு ஸகரங்களுக்கு நடுவே வெட்டுவது இயல்பு.

மெய்ம்மயக்கம்:

மேலே உள்ள இருவர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ‘வடகடல்’ விதியை வழக்கத்துக்கு மேல் இறுக்கிவிட்டார் என்று தோன்றுகிறது. நீதியானது என்று பொருள்படும் ‘ரெட்ஃபேர்டி’ போன்ற பழைய கூட்டுகளில் அழுத்தம் இரண்டாம் பகுதியில் விழுகிறது. கணினிச் சொற்களில் இத்தகையவை மிக அரிது என்பது உண்மைதான். இன்னொன்று, கிழக்கு நார்வேயின் ஊர்ப்புற வழக்குகளில் இரவல் சொற்களின் அழுத்தத்தையும் முதல் அசைக்கே இழுத்துவிடுகிறார்கள். ஆகவே யாராவது மாலுமி ‘ˈமஷீன்’ என்றால் அவரைத் திருத்த முற்பட வேண்டாம். பேச்சுப்பொறிக்கு ஒஸ்லோ வழக்கு போதும்.

அழுத்தத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று விடுபட்டுவிட்டது. நார்வேஜிய மொழியின் பெரும்பாலான வழக்குகளில் அழுத்தத்தோடு தொனியும் உண்டு. ‘தங்கென்’ என்னும் ஒரே எழுத்துக்கூட்டை ஒரு தொனியில் சொன்னால் அந்தத் தொட்டி, மற்றொரு தொனியில் சொன்னால் அந்த எண்ணம். ஒஸ்லோ வழக்கில் முதல் தொனி தாழ்ந்து தொடங்கி ஏறும், இரண்டாம் தொனி உயர்ந்து தொடங்கி இறங்கிப் பின் ஏறும். கூட்டுச் சொல் எவ்வளவு நீளமானாலும் அதற்குத் தொனி ஒன்றே, துணை அழுத்தம் பெற்ற பகுதிக்குத் தனித் தொனி கிடையாது. நீங்கள் இரண்டு முழு அழுத்தக் குறி இட்டபோது பொறி இரண்டு தொனிகளைப் பாடியிருக்கும், ஒஸ்லோக்காரர் காதில் இரண்டு சொல்லாக விழுந்ததற்கு அதுவே காரணம். ஒட்டி எழுத வேண்டியதைப் பிரித்து எழுதுவது அங்கே தீராத எழுத்துப் பிழை, அதைக் கிண்டல் செய்து பேசுவது ஏறத்தாழ ஒரு தேசியப் பொழுதுபோக்கு. ‘லம்மெலோர்’ ஒட்டினால் ஆட்டுத் தொடை இறைச்சி, பிரித்தால் முடங்கிப்போன தொடைகள். உங்கள் பொறி அந்தப் பிழையை எழுத்தில் செய்யாமல் குரலில் செய்திருக்கிறது. நம் இலக்கணத்தில் எட்டு, தாமரை, வேங்கை முதலியவற்றைப் பிரித்தால் ஒரு பொருள், பிரிக்காவிட்டால் ஒரு பொருள் என்று பொதுமொழியாகக் காட்டுவார்கள் அல்லவா? அங்கே அந்த வேறுபாட்டைக் காதுக்குச் சொல்லும் வேலையைத் தொனியும் அழுத்தமும் சேர்ந்து செய்கின்றன.

தமிழர்களாகிய நமக்கு எளிதில் கைவரும் ஓரிடமும் உண்டு. ஒஸ்லோ வழக்கில் ரகரத்தை அடுத்து நகரம் வந்தால் இரண்டும் கலந்து நம் ணகரம் போல ஒலிக்கும், ரகரத்தை அடுத்து ஸகரம் வந்தால் ஷகரம் போல ஒலிக்கும். அவர்கள் தங்கள் மொழியின் பெயரையே ‘நொர்ஸ்க்’ என்று எழுதி ‘நொஷ்க்’ என்றுதான் சொல்கிறார்கள். இந்த மாற்றம் ஒட்டைத் தாண்டியும் நிகழும். பயனர் பெயரைக் குறிக்கும் சொல்லில் ‘ப்ரூக்கெர்’, ‘நவ்ன்’ இரண்டும் சேரும்போது ˈப்ரூ-க்கெ-ˌணவ்ன் என்று ஆகிறது. கண்ணும் நீரும் கண்ணீர் ஆவதைப் போன்றதுதான். எழுத்தில் வரி உடைந்தால் ரகரம் மேலேயும் நகரம் கீழேயும் பிரிந்து நிற்கும், பேச்சில் அவற்றைப் பிரிக்க முடியாது. உங்கள் மூன்றாம் கேள்விக்கு, இரண்டும் எப்போதும் ஒன்றல்ல என்பதே விடை. பெர்கன், ஸ்தவாங்கர் முதலிய மேற்குக் கரை நகரங்களில் ரகரம் தொண்டையில் ஒலிப்பதால் இந்தக் கலப்பு அங்கே நிகழாது.

ஈசூன்வாசி:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே பார்த்தேன், பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. மாற்றியவுடன் ‘ஊர்’ தானாகக் கீழ் வரிக்கு இறங்கிக்கொண்டது. நாற்பது சொற்களையும் தமிழில் எழுதாமல் நேரடியாகப் பொறியின் குறியீட்டிலேயே திருத்தி வருகிறேன். ஒவ்வொரு சொல்லிலும் முதலில் ஒட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு, பிறகு முதற்பகுதியைத் தனியே அகராதியில் பார்த்து அழுத்தம், பிறகு இரண்டாம் பகுதிக்குத் துணை அழுத்தம் என்று வரிசை வைத்துக்கொண்டேன். மேசைத்திரைக்கு ˈஸ்க்ரீ-வெ-ˌபூர், தீச்சுவருக்கு ˈப்ரன்-ˌமூர் என்பவை எளிதாக அமைந்தன.

காப்பு நகலில்தான் தயங்கி நிற்கிறேன். அந்த இரண்டாம் பகுதி ரோமன் எழுத்தில் நம் கோப்பிக் கடைப் பலகையில் உள்ள அதே நான்கு எழுத்துகளாக இருப்பதால், எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் காலை நேரத்தில் கேட்பது போலவே முதல் அசையை அழுத்திச் சொல்கிறார்கள். மேலே ஐயா ‘குபீ’ என்று எழுதியிருக்கிறார். எது சரி?

வடகடல்:

‘குபீ’தான் சரி. தனியாக நின்றாலும் இறுதி அசையில்தான் அழுத்தம், ஆகவே ˈசிக்-கெர்-ஹேட்ஸ்-கு-ˌபீ. நடுவில் உள்ள மூன்று அசைகளையும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள், ‘ஹேட்’ நெடிலாகவே இருக்கட்டும். முதல் அசைக்குப் பிறகு தொனி இறங்கி அந்த இறுதி அசையை நோக்கி மெல்ல ஏறிவருவது கேட்டால் பொறி சரியாகப் பேசுகிறது என்று கொள்ளலாம். ஒஸ்லோக்காரரிடம் அனுப்புவதற்கு முன் இந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே ஒலிப்பதிவாகப் போடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.